கூடையை விரித்தான்

எங்கள் வீட்டில் குழாய் ஒழுகினால் பிளம்பரைக் கூப்பிடுவோம். அக்கா வீட்டில் ஒழுகினால் அது எதைக் குறிக்கிறது என்று முதலில் யோசிப்பாள், பிளம்பர் அதற்குப் பிறகுதான். முப்பது வருடம் கல்லூரியில் இலக்கியம் நடத்தியதன் வினை. அதிலும் பழைய ருஷ்யச் சிறுகதைகள் என்றால் அவளுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். "அந்தக் காலத்து ருஷ்யக்காரங்க 'அவன் ஏங்கினான்'னு எழுத மாட்டாங்க. அவன் கையில ஒரு பொருளைக் கொடுத்துட்டு ஒதுங்கிக்குவாங்க," என்பாள். முதல் தடவை வரும்போது அது வெறும் பொருள்தானாம். இரண்டாம் தடவை வரும்போது, 'அட, இது முன்னாடியே வந்ததே' என்று நமக்கு உறுத்துமாம். மூன்றாம் தடவை வரும்போது கதை முழுவதும் அதற்குள் ஏறி உட்கார்ந்திருக்குமாம். சொந்தக்காரர்கள் கல்யாணத்தில்கூட யாரையாவது மூலையில் பிடித்து வைத்துக்கொண்டு இதைச் சொல்லியிருக்கிறாள்.

நான் அவ்வளவு படித்தவள் இல்லை. ஒரு பதிப்பகத்தில் மெய்ப்பு பார்க்கிறேன், அதாவது புத்தகம் அச்சுக்குப் போகும் முன் எழுத்துப் பிழைகளைப் பிடிப்பது என் வேலை. சின்ன வயதில் நான் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மறந்துவிடுவேன். 'அம்மா' என்று எழுதச் சொன்னால் 'அமமா' என்று இருக்கும். அக்கா என் நோட்டைப் பிடுங்கி, சிவப்புப் பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டே போவாள். அன்றிலிருந்து அவளுக்கு நான் 'புள்ளி'. ஐம்பது வயதை எட்டிப் பிடிக்கப் போகிறேன், இன்னும் புள்ளிதான். உண்மையைச் சொன்னால், அவள் வாயை அடைக்கத்தான் நான் இந்த வேலைக்கே வந்தேன்.

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன், நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், எங்கள் பதிப்பகம் ஒரு ருஷ்யச் சிறுகதைத் தொகுப்பு போட்டது. மொழிபெயர்த்தவர் ஒரு கப்பல் என்ஜினீயர். கப்பல் பழுதாகி ஏதோ ஒரு ருஷ்யத் துறைமுகத்தில் மாதக்கணக்கில் கிடந்தபோது அந்த மொழியைக் கற்றுக்கொண்டவர். பழைய புத்தகக் கடையில் கிழிந்த பத்திரிகைகளை வாங்கிவந்து, பொழுது போகாமல் மொழிபெயர்த்தாராம். அதில் எழுதியவர் பெயர்கூட இல்லாத ஒரு கதை உண்டு. ஒரு சின்ன ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் குமாஸ்தா. அவனோடு சண்டை போட்டுக்கொண்டு மனைவி தன் தங்கை வீட்டுக்குப் போய்விடுகிறாள். தினமும் சாயங்கால ரயில் வரும் நேரத்துக்கு, அவன் கையில் ஒரு கூடையோடு பிளாட்பாரத்தில் வந்து நிற்கிறான். வெயில் அடிக்கும் நாளிலும் கூடை, பனி கொட்டும் நாளிலும் கூடை. ஊரே சிரிக்கிறது. ஒருநாள் கொட்டுகிற மழையில் அவள் வந்து இறங்குகிறாள். 'அவன் கூடையை விரித்து அவள் தலைக்கு மேல் பிடித்தான். இருவரும் ஒன்றும் பேசாமல் நடந்தார்கள்.' கதை அவ்வளவுதான்.

புத்தகம் வந்ததும் முதல் பிரதியை அக்காவுக்குத்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். உள்ளே பொடி எழுத்தில் என் பெயர் இருந்தது, அதைக் காட்டத்தான். அவள் என் பெயரைப் பார்த்தாளோ இல்லையோ, அந்தக் கதையைப் படித்துவிட்டு இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் கட்டுரை எழுத உட்கார்ந்துவிட்டாள்.

கூடை மழையைத் தடுக்குமா என்று கேட்டது அந்தக் கட்டுரை. தடுக்காது. அவனுக்கும் அது தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனாலும் அவன் பிடிக்கிறான், அவளும் தலையை நகர்த்திக்கொள்ளவில்லை. அத்தனை நாள் அவன் சுமந்த வெறுமைதான் அந்தக் கூடை, கடைசியில் அதையே அவளுக்குக் கூரையாக்குகிறான் என்று எழுதியிருந்தாள். 'விரித்து' என்ற ஒரு சொல்லுக்கு மட்டும் நான்கு பக்கம். விரியாத ஒன்றை விரிக்கப் பார்க்கிறவன்தான் மனிதன் என்று முடித்திருந்தாள். அது பாடப்புத்தகத்தில் ஏறியது. மாணவர்கள் உருகிப் போனார்கள். அக்காவிடம் படித்த இரண்டு பேர் தங்கள் கல்யாணப் பத்திரிகையில் அந்தக் கடைசி வரியைப் போட்டார்கள். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் அவளுக்குக் கூடை வாங்கிக் கொடுத்தார்கள். இன்றைய தேதிக்கு அவள் வீட்டில் பதினோரு கூடைகள். ஒன்றில் வெங்காயம், ஒன்றில் அழுக்குத் துணி, மற்றதெல்லாம் பரணில்.

இந்த வருடம் அக்கா ஓய்வு பெறுகிறாள். அவளுடைய பழைய மாணவர்கள் எங்கள் முதலாளியிடம் பேசி, அந்தத் தொகுப்புக்குப் புதுப் பதிப்பு கொண்டுவர ஏற்பாடு செய்தார்கள். அக்காவின் கட்டுரைதான் முன்னுரை. சனிக்கிழமை கல்லூரியில் பிரிவு விழா, அங்கேயே வெளியீடு. அச்சுக்குக் கொடுக்க வெள்ளிக்கிழமை மத்தியானம் கடைசிக் கெடு. பழைய புத்தகத்தைப் பார்த்துக் கதைகளைக் கணினியில் அடித்தாயிற்று. ஒரு பக்கத்தில் இரண்டு வரி மங்கியிருந்ததால், பழைய கையெழுத்துப் பிரதி கிடைக்கிறதா பார் என்று செவ்வாய்க்கிழமை காலையில் முதலாளி என்னை அலமாரி அறைக்கு அனுப்பினார்.

கிடைத்தது. தூசியைத் தட்டிவிட்டு, சும்மா கிடக்கிறதே என்று அந்த ரயில் நிலையக் கதையைப் புரட்டினேன். என்ஜினீயரின் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும், சந்தேகத்துக்கு இடமே இல்லை. குமாஸ்தா கையில் வைத்திருந்தது குடை.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தேன். குடை. கடைசி வரி வரைக்கும் எண்ணினேன். பதினேழு இடம், பதினேழிலும் குடை. அடியில் அச்சுக்கோத்தவர் கொடுத்த முதல் மெய்ப்பும் இருந்தது, அதில் என் சிவப்பு மையும் இருந்தது. அதைப் பார்த்ததும் எல்லாம் ஞாபகம் வந்தது. அச்சுக்கோத்தவர் முதல் இரண்டு இடத்தில் மட்டும் கை தவறிக் 'கூடை' என்று போட்டிருந்தார். மீதிப் பதினைந்தும் சரியாகத்தான் இருந்தன. புதிதாக வேலைக்கு வந்த நான், ஒரே பொருள் இரண்டு பெயரில் வரலாமா என்று, முதலில் வந்ததைச் சரி என்று எடுத்துக்கொண்டு, பதினைந்து குடைகளையும் கூடையாகத் 'திருத்தி'யிருந்தேன். மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சோம்பல். 'விரித்து' என்ற இடத்தில் மட்டும் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, பிறகு அதை அடித்திருந்தேன். ருஷ்யாவில் கூடை மடங்குமாக்கும் என்று நினைத்துக்கொண்டதுகூட எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

ஒரு எழுத்தை மாற்றிப் போட்டவனை மன்னிக்கலாம். ஒழுங்காக இருந்த பதினைந்தைப் பொறுமையாக உட்கார்ந்து கெடுத்தவளை என்ன செய்வது?

அன்றைக்கு மத்தியானம் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். குடை என்று போட்டால் அக்காவின் கட்டுரை காற்றில் போய்விடும். குடையை விரிப்பதில் என்ன அதிசயம்? மழை வந்தால் நானும்தான் விரிக்கிறேன். முப்பது வருடத்து மாணவர்கள் முன்னால், அவள் மாலை போட்டுக்கொண்டு நிற்கும் நாளில், இல்லாத கூடைக்கு வியாக்கியானம் எழுதினவள் என்று ஆகிவிடும். கூடை என்றே விட்டுவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. அந்தக் காகிதக் கட்டைத் திரும்ப அலமாரியில் சொருகிவிட்டு வந்தால் போதும். கண்ணாடிக் கடை வைத்திருக்கும் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் லென்ஸைத் துடைத்தபடியே, "உனக்குத் தெரியுமே," என்றார். அவர் பேசுவதே அவ்வளவுதான். அந்த இரண்டு வார்த்தை முள் மாதிரி தைத்துக்கொண்டது. அக்காவிடம் ஒரு பிழையை ஒத்துக்கொள்வதைவிடப் பல் பிடுங்கிக்கொள்வது எனக்குச் சுலபம். இருந்தாலும் புதன்கிழமை காலையில் அந்தக் கட்டைப் பையில் போட்டுக்கொண்டு கல்லூரிக்குப் போனேன்.

அக்கா தன் அறையைக் காலி செய்துகொண்டிருந்தாள். மேஜை, நாற்காலி, ஜன்னல் திட்டு எல்லாம் புத்தகம். ஒரு அட்டைப்பெட்டியைக் கட்டச் சொல்லி என்னிடம் கயிற்றைக் கொடுத்தாள். நான் கயிற்றைக் கீழே வைத்துவிட்டு, கையெழுத்துப் பிரதியில் அந்தக் கதையின் கடைசிப் பக்கத்தைப் பிரித்து அவள் கையில் கொடுத்தேன். நடந்ததை எல்லாம் ஒரே மூச்சில் சொன்னேன். பதினைந்து என்ற எண்ணிக்கையையும் மறைக்கவில்லை.

அவள் படித்தாள். திரும்பவும் படித்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றாள். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"விரித்து," என்றாள் ஜன்னலைப் பார்த்தபடியே. "அதுக்கு நான் நாலு பக்கம் எழுதினேன், புள்ளி."

"தெரியும்க்கா."

"ஒரு கருத்தரங்குல ஒருத்தர் எழுந்து, கூடையை எப்படி விரிக்கிறதுன்னு கேட்டாரு. உங்களுக்குக் கவிதை மனசு இல்லன்னு சொல்லி அவரை உட்கார வெச்சேன்."

அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பதறிப்போய் எழுந்தேன். கிட்டே போய்ப் பார்த்தால் சிரிப்பு. சத்தம் வராமல் ஆரம்பித்த சிரிப்பு, பிறகு அடக்க முடியாமல் வெடித்தது. புத்தகப் பெட்டி மேல் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அந்த ஆளு பாவம், அந்த ஆளு பாவம்," என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். எனக்கும் தொற்றிக்கொண்டது. அடுத்த அறையிலிருந்து கணக்கு ஆசிரியர் வந்து, எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் அந்தக் கடைசி வரியை வாய்விட்டுப் படித்துப் பார்த்தாள். இதுவும் நன்றாகத்தான் இருக்கிறது என்றாள். வெயில் நாளில் குடையோடு நிற்பவனைப் பார்த்து ஊர் ஏன் சிரித்தது என்று இப்போதுதான் புரிகிறதாம். கூடையோடு நிற்பவனைப் பார்த்து யார் சிரிப்பார்கள், காய்கறி வாங்க வந்தவன் என்று நினைத்துக்கொண்டு போவார்கள். இருபத்திரண்டு வருடமாக அந்த இடம் தனக்கு நெருடிக்கொண்டே இருந்ததாகவும் சொன்னாள். ஆனால் உடனே அவள் குரல் கொஞ்சம் இறங்கியது.

"ஒண்ணுதான் குறை. இதுல அவ நனையல."

என்ன போடுவது என்று கேட்டேன். என்ஜினீயர் எழுதினது குடை, குடைதான் போட வேண்டும், இதில் கேட்க என்ன இருக்கிறது என்றாள். வியாழக்கிழமை ராத்திரிக்குள் புது முன்னுரை எழுதித் தருவதாகவும், நடந்ததை ஒளிக்காமல் அதில் சொல்லப்போவதாகவும் சொன்னாள். அப்போதே கிளம்பி என்ஜினீயர் வீட்டுக்குப் போனோம், அவரிடமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமே.

அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். அச்சான தன் புத்தகத்தை அவர் இதுவரை திறந்து பார்த்ததே இல்லையாம். திறந்தால் முதலில் பிழைதான் கண்ணில் படும், பிறகு ஒரு வாரம் மனசு சரியிருக்காது என்பது அவர் கட்சி. இத்தனை வருடமாக எத்தனையோ பேர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, 'அந்தக் கூடை இருக்கே ஐயா, அற்புதம்' என்றிருக்கிறார்கள். அவர் காதில் அது குடை என்றே விழுந்திருக்கிறது. நன்றி நன்றி என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அக்கா அவர் காதருகே குனிந்து, "கூ, நெடில்," என்று கத்தி விளக்கினாள்.

"அப்ப அந்தப் பொண்ணு நனைஞ்சாளா?" என்றார்.

"நனைஞ்சா ஐயா."

"அப்ப நீங்க படிச்சது வேற கதைம்மா. மோசமில்ல. ஆனா என்னோடதுல குடைதான்." சொல்லிவிட்டு அவரும் சிரித்தார்.

அக்காவின் புது முன்னுரையை வியாழக்கிழமை ராத்திரி அவள் கையெழுத்திலேயே படித்தேன். கண் கலங்கிவிட்டது. பிழை செய்தவள் யார் என்று பெயர் சொல்லாமல், 'எனக்கு வேண்டிய ஒருத்தி' என்று மட்டும் எழுதியிருந்தாள். மறுநாள் அதைக் கணினியில் அடித்து, கதைகளோடு சேர்த்தார்கள். அச்சகத்து ஆள் வாசலில் நின்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். பழைய புத்தகத்தைப் பார்த்து அடித்த கதையில் கூடை கூடையாகவே இருந்தது அல்லவா? ஒவ்வொன்றாகத் தேட நேரமில்லை. கூடை வருகிற இடமெல்லாம் குடை ஆக்கு என்று கணினிக்கு ஒரே கட்டளை கொடுத்தேன். இருபத்தாறு இடம் மாற்றியாயிற்று என்றது. இருபத்திரண்டு வருடப் பாவம் ஒரு தட்டில் தீர்ந்தது என்று எனக்கு அவ்வளவு குஷி. முன்னுரையைத்தான் ஏற்கெனவே படித்துவிட்டேனே என்று மறுபடி பார்க்கவில்லை. பதினேழு எப்படி இருபத்தாறு ஆனது என்று கேட்கவும் தோன்றவில்லை.

சனிக்கிழமை கல்லூரி அரங்கத்தில் உட்கார இடமில்லை. மேடையில் மாணவர்கள் ஆளுயரக் கூடை ஒன்றைப் பூவால் நிரப்பி வைத்திருந்தார்கள். மூன்றாம் வரிசையில் நானும் வீட்டுக்காரரும், எங்களுக்கு முன்னால் என்ஜினீயர். அக்கா புதுப் புத்தகத்தைப் பிரித்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, முன்னுரையை வாசிக்கத் தொடங்கினாள்.

"இருபத்திரண்டு வருடங்களாக நான் குடையைக் குடை என்று படித்து வந்தேன்."

நிறுத்தினாள். பக்கத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். இருபத்தாறு என்றால் என்ன என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. முன்னுரையில் அவள் வேண்டுமென்றே எழுதியிருந்த ஒன்பது கூடைகளையும் சேர்த்து நான் குடையாக்கியிருக்கிறேன். பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்று இருந்தது. அக்கா தலையை உயர்த்தி என்னைத் தேடிப் பிடித்தாள். சின்ன வயதில் நோட்டைப் பிடுங்கும் முன் பார்ப்பாளே, அதே பார்வை. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரு எழுத்து மாற்றாமல் தொடர்ந்தாள்.

"குடை வேறு, குடை வேறு என்று இந்த வயதில்தான் தெரிந்துகொண்டேன். குடை பிடித்தால் அவள் நனைய மாட்டாள். குடை பிடித்தால் அவள் நனைவாள்."

அரங்கத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்காவின் உதடு கோணியது. அவ்வளவுதான், மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். என்ன நடந்தது என்று அவள் விளக்க விளக்க அரங்கமே சிரித்தது. என்ஜினீயருக்கு யாரோ காதில் கத்திச் சொன்னார்கள், அவர் எல்லாரும் ஓய்ந்த பிறகு தனியாகச் சிரித்தார்.

"பழைய பிழையைப் பண்ணினதும் என் தங்கச்சிதான், புதுசும் அவதான்," என்றாள் அக்கா. "அதோ மூணாவது வரிசையில தலையைக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்திருக்கா. அவ இல்லைன்னா நான் இத்தனை வருஷம் என்னத்த நடத்தியிருப்பேன்? ஒரு பொருள் அடையாளமா மாறுறது அந்தப் பொருளால இல்லைங்க. அதை ஒருத்தர் யாருக்காகவோ தூக்கிட்டு நிக்கிறாங்களே, அதனால. கையில இருக்கறது குடையா கூடையாங்கிறது அப்புறம்தான்."

எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்துக் கைதட்டினார்கள். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு மெய்ப்புக்காரிக்குப் பிழைக்காகக் கைதட்டல் கிடைத்தது எனக்குத் தெரிந்து இதுதான் முதல் தடவை. வெட்கமும் சந்தோஷமும் ஒன்றாக வந்து அழுதுவிட்டேன்.

விழா முடிந்ததும் முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முந்நூறு பிரதி. நல்ல காலம், கு என்ற எழுத்துக்கு ஒரு சுழி சேர்த்தால் கூ ஆகிவிடுகிறது. நீண்ட மேஜைகளை இழுத்துப் போட்டு, கறுப்புப் பேனாவோடு நாற்பது பேர் உட்கார்ந்தோம். பிரதிக்கு ஒன்பது சுழி. சாயங்கால வெயில் ஜன்னல் வழியாக மேஜை மேல் விழுந்துகொண்டிருந்தது. அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் போட்ட சுழிகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள், பழக்க தோஷம். தான் திருத்திய எட்டாவது பிரதியில் அவளே ஒரு சுழியை விட்டுவிட்டாள். நான் அதைப் போட்டுவிட்டு, அவள் முன்னால் நகர்த்தி வைத்தேன். அவள் அடுத்த பிரதியை எடுத்துக்கொண்டாள்.

எல்லாரும் டீ குடிக்க எழுந்து போனபோது அக்காவின் சொந்தப் பிரதி மேஜையில் கிடந்தது. அதை எடுத்து, ரயில் நிலையக் கதையைப் பிரித்தேன். வெயில் நாளில் குமாஸ்தா வந்து நின்ற இடத்தில் ஒரு சுழி போட்டேன். ஊர் சிரித்த இடத்தில் ஒன்று, பனி கொட்டிய இடத்தில் ஒன்று. நிதானமாகப் பதினாறு போட்டு முடித்துக் கடைசி வரிக்கு வந்தேன். 'அவன் குடையை விரித்து அவள் தலைக்கு மேல் பிடித்தான்.' பதினேழாவது சுழியை மற்றதைவிடக் கொஞ்சம் அழகாகவே போட்டேன். ஓரத்தில் கேள்விக்குறி போடவில்லை. மை காயும்வரை ஊதிவிட்டு, புத்தகத்தை மூடி அவள் பைக்குள் வைத்தேன்.